ரத்தபேதியா, குடல் நோயா? 210 பேர் தந்த தீர்ப்பு

1859-ம் ஆண்டு. லண்டன் நகரமே ஒரு கொலை வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

கூண்டில் நின்றவர் ஒரு டாக்டர். பெயர் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட். அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு. அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்போதே இசபெல்லா பாங்க்ஸ் என்ற வசதியுள்ள பெண்ணை அவர் மணந்துகொண்டார். சில மாதங்களில் இசபெல்லா படுத்த படுக்கையானார். ஓயாத பேதி, ஓயாத வாந்தி. சாவதற்குச் சற்று முன்பு தன் சொத்தை டாக்டருக்கே எழுதி வைத்தார். பிறகு இறந்துபோனார்.

"விஷம் வைத்துக் கொன்றுவிட்டான்!" என்று ஊர் சொன்னது. போலீசும் அதையே சொன்னது. விஷங்களைச் சோதிப்பதில் பெயர் பெற்ற நிபுணர் ஆல்பிரட் டெய்லர், பாஷாணம் இருந்ததாக முதலில் அறிவித்தார். ஆனால் அந்தப் பாஷாணம் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்புக் கம்பியிலிருந்தே வந்தது என்று பின்னால் தெரிந்தது! அப்படியும் டாக்டருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

பல வைத்தியர்கள் இதை எதிர்த்தார்கள். அரசாங்கம் வழக்கை மறுபடியும் ஆராய்ந்து, கொலை நிச்சயமாக நிரூபிக்கப்படவில்லை என்று தண்டனையை ரத்து செய்தது. மனைவி இருக்கும்போது மறுமணம் செய்த குற்றத்துக்காக மட்டும் டாக்டர் ஒரு வருஷம் சிறையில் இருந்தார்.

இந்த வழக்கில் இறந்தவரின் குடலைச் சோதித்த வைத்தியர்களில் ஒருவர் சாமுவேல் வில்க்ஸ். குடல் எப்படிப் புண்பட்டு, வீங்கி, சிவந்திருந்தது என்பதை அவர் ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதினார். குடலைத் தாக்கும் ஒரு கொடிய நோயைப் பற்றிய ஆரம்பக் குறிப்புகளில் ஒன்றாக அந்தக் கடிதம் இன்றும் கருதப்படுகிறது.

விஷம் என்று சந்தேகிக்கும் அளவுக்கு ஆளை உருக்கும் நோய் அது. அது என்ன நோய்? அதை அடக்க வழி உண்டா? அந்த வழி எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

உடன்பிறப்பு நோய்கள்

நாம் சாப்பிடும் உணவு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகிறது. சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். அதன் பிறகு பெருங்குடல். அது சுமார் 5 அடி நீளம்.

இந்தக் குடலின் சுவர் காரணம் தெரியாமல் வெந்து, சிவந்து, வீங்கிப் புண்ணாவது ஒரு வியாதி. டாக்டர்கள் இதைக் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். இதில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, பெருங்குடல் புண் நோய். ஆங்கிலத்தில் 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' என்பார்கள். இது பெருங்குடலை மட்டும் தாக்கும். ஆசனவாய்க்கு அருகில் தொடங்கி மேலே ஏறும். குடலின் உட்புறத் தோலைப் புண்ணாக்கும். பேதியும், பேதியில் ரத்தமும் சளியும் இதன் அடையாளம்.

இரண்டாவது, கிரோன் நோய். நியூயார்க் நகரில் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் இருந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூன்று டாக்டர்கள் 1932-ல் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அகர வரிசையில் கிரோன் பெயர் முதலில் வந்தது. அதனால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது! இந்த நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகமாக வரும். இது உட்தோலோடு நிற்காது. குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் போகும்.

அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கிரோன் நோய் இருந்தது. 1956-ம் ஆண்டு ஜூன் மாதம் அவருக்குக் குடல் அடைப்பு ஏற்பட்டு, நள்ளிரவைத் தாண்டி அவசர ஆபரேஷன் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் அவர் மறுபடியும் ஜெயித்தார்.

இந்த நோய்கள் ஏன் வருகின்றன? முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்கிறது. நம் உடம்பில் நோய்க் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமிகளைக் கண்டு அந்தப் படை தேவையில்லாமல் கொதித்து எழுகிறது. அந்தச் சண்டையில் குடலே புண்ணாகிறது. வீட்டைக் காக்க வேண்டிய காவல்காரன் வீட்டுச் சுவரையே இடிப்பது போன்றது இது. பரம்பரைக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. சிகரெட் பிடிப்பது கிரோன் நோயை மோசமாக்கும்.

இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதால் ஒட்டிக்கொள்ளாது. மிளகாய் அதிகம் தின்றதால் வந்தது என்று நோயாளியைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை.

பெரும்பாலும் 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் இது தலைகாட்டுகிறது. படிக்கும் வயது, வேலைக்குப் போகும் வயது, கலியாண வயது!

உயிருக்கு உலை வைக்கும் சிக்கல்கள்

பேதி என்றால் இரண்டு நாளில் நின்றுவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த நோய் அப்படி நிற்பதில்லை. சில மாதம் அடங்கும். பிறகு சீறும். கடுமையாகச் சீறும்போது வரும் ஆபத்துகள் பல.

ரத்தம் ஓயாமல் போய்க்கொண்டே இருந்தால் உடம்பு வெளுத்து, நடக்கவும் பலமில்லாமல் போகும்.

சில சமயம் பெருங்குடல் செயலற்று, பலூன் போல ஊதிவிடும். அப்போது பேதி குறைந்தது போலத் தெரியும். "குணமாகிறது" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அதுதான் மிகப் பெரிய ஆபத்து! ஊதிய குடல் ஓட்டை விழுந்தால், உள்ளே இருக்கும் அழுக்கு வயிறு முழுவதும் பரவும். சில மணி நேரத்தில் உயிர் ஊசலாடும்.

இந்த நோயாளிகளுக்குக் கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயமும் உண்டு. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் திடீர் மரணம். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிக்கு, குடலில் ரத்தம் கசியும்போதே, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். காரணம் இதுதான்.

கிரோன் நோயில் குடல் குறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு குடலிலிருந்து இன்னொரு குடலுக்கோ, வெளித் தோலுக்கோ புரையோடி வழி உண்டாகும்.

நோய் வயிற்றோடு நிற்பதும் இல்லை. மூட்டு வீங்கும். கண் சிவந்து வலிக்கும். சிலருக்குப் பித்தநாளங்கள் கெடும். சிறு பிள்ளைகளுக்கு வந்தால் வளர்ச்சி நின்றுபோகும்.

கார்ட்டிசோன் வந்தது

1940-களில் இந்த நோய் கடுமையாகத் தாக்கியவர்களுக்கு என்ன வைத்தியம் இருந்தது? படுக்கையில் ஓய்வு, பத்திய உணவு, ரத்தம் ஏற்றுவது, கடைசியில் ஆபரேஷன். இவ்வளவுதான். டாக்டர்களின் கண்ணெதிரே வாலிபர்கள் கரைந்துபோனார்கள்.

அப்போது அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. 1948-ல் மேயோ வைத்திய நிலையத்தில் டாக்டர் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நகர முடியாமல் கிடந்த பெண்ணுக்கு ஒரு புது ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார்! மருந்தின் பெயர் கார்ட்டிசோன். 1950-ல் ஹெஞ்சுக்கும், கெண்டல், ரைக்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூட்டு வீக்கத்தை அடக்கும் மருந்து குடல் வீக்கத்தையும் அடக்காதா? டாக்டர்கள் முயன்று பார்த்தார்கள். சிலருக்குக் குணம் தெரிந்தது. சிலர் இறந்தார்கள். "அற்புத மருந்து" என்றார் ஒருவர். "குடலை ஓட்டையாக்கிவிடும், தொடாதே!" என்றார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி?

இங்கேதான் ஒரு சிக்கல். இந்த நோய் தானாகவே சில சமயம் அடங்கும். மருந்து கொடுத்த மறு வாரம் நோய் அடங்கினால், அடக்கியது மருந்தா, இயற்கையா? மருந்து கொடுத்த மறு வாரம் நோயாளி இறந்தால், கொன்றது மருந்தா, நோயா? பத்துப் பேரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அனுபவம் மிக்க டாக்டராலும் சொல்ல முடியாது.

யாருக்கு எந்த மாத்திரை?

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் இரண்டு டாக்டர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒருவர் பேராசிரியர் விட்ஸ். மற்றவர் சிட்னி ட்ரூலவ்.

பல ஊர் ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெருங்குடல் புண் நோய் சீறிய நிலையில் வந்த 210 நோயாளிகளைச் சேர்த்தார்கள். அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 109 பேருக்குக் கார்ட்டிசோன் மாத்திரை. 101 பேருக்குப் போலி மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். போலி மாத்திரையில் மருந்து கிடையாது.

யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையில் அது தீர்மானமாயிற்று.

ஏன் அப்படி? டாக்டரும் மனிதர்தானே! பிழைப்பார் என்று தோன்றும் ஆளுக்கு அவர் தம்மை அறியாமலே புது மருந்தைக் கொடுத்துவிடலாம். அல்லது இரக்கப்பட்டு, சாகக் கிடப்பவருக்கே கொடுக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் கணக்குப் பிசகிவிடும். குலுக்கலுக்கு இரக்கமும் இல்லை, ஓரவஞ்சனையும் இல்லை. வாலிபரும் வயோதிகரும், லேசான நோயும் கடுமையான நோயும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழும். அதன் பிறகு இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரிந்தால், அது மருந்தால் வந்த வித்தியாசம்.

மற்றபடி ஓய்வு, உணவு, ரத்தம் ஏற்றுவது முதலிய சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. போலி மாத்திரை பெற்றவர்களை யாரும் கைவிட்டுவிடவில்லை.

நோய் எவ்வளவு கடுமை என்று அளக்க அவர்கள் ஓர் எளிய கணக்கும் வைத்தார்கள். தினம் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு பேதி, காய்ச்சல், நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 90-க்கு மேல், ரத்தசோகை, ரத்த அணுக்கள் படியும் வேகம் 30-க்கு மேல். இவை இருந்தால் கடுமையான தாக்குதல். விலையுயர்ந்த யந்திரம் எதுவும் தேவையில்லை. இன்றைக்கும் உலகம் முழுவதும் டாக்டர்கள் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து

1955-ல் முடிவு வெளியானது.

ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு, கார்ட்டிசோன் பெற்ற 109 பேரில் 45 பேருக்கு நோய் முழுவதும் அடங்கியிருந்தது. போலி மாத்திரை பெற்ற 101 பேரில் 16 பேருக்குத்தான் அடங்கியது.

நோய் மாறாமல் இருந்தவர்கள் அல்லது மோசமானவர்கள் எத்தனை பேர்? கார்ட்டிசோன் பக்கம் 34 பேர். போலி மாத்திரைப் பக்கம் 60 பேர். மிச்சமுள்ளவர்கள் ஓரளவு தேறியவர்கள்.

நோய் கடுமையாகத் தாக்கியவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால், மருந்து இல்லாதவர்களில் 100-க்கு சுமார் 24 பேர் வீதம் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 100-க்கு சுமார் 7 பேர்.

வாதம் முடிந்தது. கார்ட்டிசோன் உயிரைக் காத்தது. முதல் தடவையாக நோய் கண்டவர்களுக்கு அது மிக நன்றாக வேலை செய்தது என்பதும் தெரிந்தது.

போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 16 பேர் முழுக் குணம் அடைந்தார்கள் அல்லவா? அவர்களிடம் ஏதாவது ஒரு பொடியையோ லேகியத்தையோ கொடுத்திருந்தால், "அதனால்தான் பிழைத்தேன்" என்று சத்தியம் செய்திருப்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. அப்படித்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். "எனக்குக் குணமாயிற்று" என்ற ஒருவர் சாட்சியம் ஏன் போதாது என்பதற்கு இந்த 16 பேரே அத்தாட்சி.

இது நியாயமா?

"சாகக் கிடப்பவனுக்குப் போலி மாத்திரையா? இது பாவம் இல்லையா?" என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றத்தான் வேண்டும்.

ஆனால் சோதனை தொடங்கிய நாளில் கார்ட்டிசோன் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. அது குடலை ஓட்டையாக்கியிருந்தால், போலி மாத்திரை பெற்றவர்களே அதிர்ஷ்டசாலிகள் ஆகியிருப்பார்கள். தெரியாததைத் தெரிந்தது போல எல்லோருக்கும் கொடுப்பதும் ஒரு சோதனைதான். ஆனால் அதில் பலன் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அதுதான் பெரிய பாவம்.

இப்போது சட்டதிட்டங்கள் மிகவும் கடுமை. நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதம் பெற வேண்டும். தனியான ஒரு குழு அனுமதி தர வேண்டும். நல்ல மருந்து ஏற்கனவே இருந்தால், புது மருந்தைப் பெரும்பாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். நோயாளி எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம்.

நம் சென்னையும் இத்தகைய ஒரு சோதனையால் உலகப் புகழ் பெற்றது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மறு பிரிவை வீட்டிலும் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. ஏழைகள் குடும்பத்தைப் பிரியாமல் காசநோய்க்கு மருந்து சாப்பிடலாம் என்பதை உலகம் சென்னையிடம் கற்றுக்கொண்டது.

அதே மருந்து, வேறு பதில்

நோயை அடக்கிய கார்ட்டிசோனைத் தொடர்ந்து சாப்பிட்டால், நோய் திரும்பி வராமல் இருக்குமா? இதையும் ட்ரூலவும் விட்ஸும் அதே முறையில் சோதித்தார்கள். 1959-ல் வந்த பதில்: இல்லை. குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்த கார்ட்டிசோன், போலி மாத்திரையை விட மேலாக இல்லை.

இது மிகவும் முக்கியமான பதில். ஏனென்றால் இந்த வகை மருந்துகளை நாம் 'ஸ்டீராய்டு' என்கிறோம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் சந்திரன் போல உப்பும். எலும்பு பலவீனமாகும். சர்க்கரை வியாதி வரும். கண்ணில் புரை விழும். தீ அணைக்க வந்த தண்ணீர் வண்டியை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்கக் கூடாது!

அப்படியானால் நோயைத் தடுத்து வைக்க எது? அதற்கான மருந்து ஸ்வீடன் தேசத்தில் ஏற்கனவே பிறந்திருந்தது. நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர், மூட்டு வியாதிக்காக ஸல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரின் இனத்து மருந்தையும் ஒன்றாகப் பிணைத்து 'ஸல்ஃபாசலசின்' என்ற மருந்தை உருவாக்கச் செய்தார். மூட்டு வியாதியோடு குடல் புண்ணும் இருந்தவர்களுக்குக் குடலும் தேறியதைக் கவனித்தார். 1942-ல் அதை வெளியிட்டார். நோய் அடங்கியவர்களுக்கு இதைத் தொடர்ந்து கொடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று 1965-ல் லண்டன் டாக்டர்கள் நிரூபித்தார்கள்.

பிணைத்த இரண்டில் வேலை செய்வது எது? 1977-ல் இதைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் வங்காள தேசத்தைச் சேர்ந்த டாக்டர் ஆசாத் கான். ஆக்ஸ்போர்டில் ட்ரூலவுடன் வேலை செய்த அவர், இரண்டையும் தனித்தனியே பிரித்து எனிமா மூலம் கொடுத்துப் பார்த்தார். ஆஸ்பிரின் இனத்துப் பகுதிதான் புண்ணை ஆற்றியது. ஸல்ஃபா பகுதி அதைக் குடல் வரைக்கும் சுமந்து செல்லும் மூட்டைதூக்கி மட்டுமே. தொல்லைகள் பெரும்பாலும் அதனால்தான்! இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 'மெசலசின்' இப்படிப் பிரித்தெடுத்த பகுதிதான்.

ஐந்து நாள் கெடு

கடுமையான தாக்குதலில் எவ்வளவு நாள் மருந்தை நம்பிக் காத்திருப்பது? தாமதித்தால் குடல் ஓட்டையாகும். அவசரப்பட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய குடலை வெட்டி எடுத்தவராவோம்.

1974-ல் ட்ரூலவும் ஜூவெல் என்ற டாக்டரும் ஒரு கெடு வைத்தார்கள். 49 தடவை தாக்குதலில் ஸ்டீராய்டை ஊசி மூலம் நரம்பில் ஏற்றினார்கள். 5 நாளில் 36 பேருக்கு நோய் அடங்கியது. அடங்காதவர்களுக்கு இனியும் தாமதிக்காமல் ஆபரேஷன். இந்தக் கெடு பல உயிர்களைக் காத்தது. நல்ல நிபுணர்கள் உள்ள ஆஸ்பத்திரிகளில் இன்று கடுமையான தாக்குதலில் இறப்பவர்கள் 100-க்கு ஒருவர் அளவே.

பிறகு ஆபரேஷனைத் தவிர்க்கவும் மருந்துகள் வந்தன. 1994-ல் நியூயார்க்கில், ஸ்டீராய்டுக்கு மசியாத 20 பேரைச் சோதித்தார்கள். 'சைக்ளோஸ்போரின்' பெற்ற 11 பேரில் 9 பேர் தேறினார்கள். போலி மருந்து பெற்ற 9 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2005-ல் ஸ்வீடன், டென்மார்க் டாக்டர்கள் 'இன்ஃப்ளிக்சிமாப்' ஊசியைச் சோதித்தார்கள். ஊசி பெற்ற 24 பேரில் 7 பேருக்குக் குடலை எடுக்க வேண்டியிருந்தது. போலி ஊசி பெற்ற 21 பேரில் 14 பேருக்கு எடுக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் செய்தாலும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. 1978-ல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு ஸர்ஜன்கள், பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலை மடித்தே உள்ளே ஒரு பை தைக்கும் முறையை வெளியிட்டார்கள். வயிற்றின் வெளியே பை கட்டாமல் வழக்கமான வழியில் மலம் கழிக்க அது உதவுகிறது.

பல வருஷம் கழித்து வரும் எதிரி

பெருங்குடல் நெடுங்காலம் புண்ணாகவே இருந்தால் அங்கே புற்றுநோய் வரலாம். 2001-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோய் வந்து 10 வருஷத்தில் 100-க்கு 2 பேருக்கும், 20 வருஷத்தில் 8 பேருக்கும், 30 வருஷத்தில் 18 பேருக்கும் வரலாம் என்று தெரிந்தது. நல்ல மருந்தும் நல்ல கண்காணிப்பும் வந்த பிறகு செய்த ஆராய்ச்சிகளில் இந்த அபாயம் குறைவாகவே இருக்கிறது.

நோய் தொடங்கிச் சுமார் 8 வருஷம் ஆனவர்கள், வலி இல்லாவிட்டாலும், குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைத் தொடங்க வேண்டும். பித்தநாள வியாதியும் சேர்ந்தவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் ஒரு குழப்பம்

இது வெள்ளைக்காரர் வியாதி என்ற எண்ணம் வெகு காலம் இருந்தது. அது தவறு. பஞ்சாபில் 51,910 பேரை வீடு வீடாக விசாரித்த ஓர் ஆராய்ச்சி 2003-ல் வெளியானது. 23 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் இருந்தது. அதாவது லட்சத்துக்குச் சுமார் 44 பேர்.

நம் நாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. குடலிலும் காசநோய் வரும். அது பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலேயே வரும். கிரோன் நோயும் அதே இடத்தை விரும்பும்! வயிற்றுவலி, ஜுரம், மெலிவு எல்லாம் இரண்டுக்கும் பொது. காசநோயைக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், அடங்கிக் கிடந்த காசநோய் பற்றி எரியும். கிரோனைக் காசநோய் என்று நினைத்தால், மாதக்கணக்கில் வேண்டாத மருந்து. அதனால்தான் டாக்டர்கள் குடலில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள். இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிக்கு முன்பு காசநோய் உண்டா என்று கட்டாயம் பார்க்கிறார்கள். "ஏன் இத்தனை சோதனை?" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் பேதியை "சூடு" என்றோ "மூலம்" என்றோ முடிவு கட்டாதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் எண்ணிக்கை வையுங்கள். ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தபேதியும், அதோடு காய்ச்சலோ படபடப்போ இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேதி குறைந்து வயிறு ஊதினாலும் அப்படியே.

கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் பேதியைக் கட்டக் கூடாது. கடுமையான நேரத்தில் அது குடலை ஊத வைக்கும். மூட்டு வலி மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கவும் கூடாது. நோய் அடங்கியதும் "இனி எதற்கு மருந்து?" என்று மெசலசினை விட்டுவிடக் கூடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் உள்ளவர்கள் கலியாணம் செய்துகொள்ளலாம், பிள்ளையும் பெறலாம். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது நல்லது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மருந்தை நிறுத்தினால், தாய்க்கும் குழந்தைக்கும் நோய்தான் ஆபத்து. டாக்டரைக் கேட்டே எதையும் செய்யுங்கள்.

இந்தப் புத்திமதிகளில் பல, யாரோ ஒரு மேதை உட்கார்ந்து யோசித்துச் சொன்னவை அல்ல. தங்களுக்குக் கிடைப்பது மருந்தா, போலியா என்று அறியாமல் மாத்திரையை விழுங்கிய நோயாளிகள் தந்தவை. ஆக்ஸ்போர்டு சோதனையில் போலி மாத்திரை பெற்ற 101 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லாவிட்டால், கார்ட்டிசோன் பெற்ற 109 பேரின் கதையும் வெறும் வதந்தியாகவே போயிருக்கும். இன்று கடும் தாக்குதலிலிருந்து பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த 101 பேருக்கும் கடமைப்பட்டிருக்கிறது.